கேஸ் கார்டில் நான் எழுதிய அம்மா

உங்கள் நர்சுகள் மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பெண், "ட்ரெய்னிங் டைம்ல நீங்க செஞ்ச சாதனை ஏதாவது எழுதுங்க ஆன்ட்டி" என்றாள். சாதனையா? போடி அம்மா. முப்பது வருடம் சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போட்டவள் நான். செருப்புத் தேய்ந்ததைத் தவிர வேறு சாதனை எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் ஒரு தப்புச் செய்தேன். அது நேற்று நடந்தது போல இருக்கிறது. அதை எழுதுகிறேன், பிடித்தால் போடுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில், ஒரு டாக்டருக்கும் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கும் நடுவே நான் வாயடைத்து நின்றேன். உண்மையைச் சொன்னால் என் கோர்ஸ் போகும். பொய் சொன்னால் அந்தத் தாயின் தலையில் விழும். அங்கே என்னைத் தவிரத் தமிழ் தெரிந்த அதிகாரி யாரும் கிடையாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் எழுதப்படும். அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

1. தமிழ்க் காது

ஹெல்த் விசிட்டர் கோர்ஸில் சேர நர்சிங்கும் மிட்வைஃப்ரியும் முடித்திருக்க வேண்டும். நான் இரண்டையும் முடித்து, பிரசவ வார்டில் இரண்டு வருடம் வேலையும் பார்த்திருந்தேன். எங்கள் செட்டில் ஒன்பது பேர். ஆறு பேர் சீனர், இரண்டு பேர் மலாய்க்காரர், தமிழச்சி நான் ஒருத்திதான்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் மிஸ் ஓங். குள்ளமாக இருப்பார், வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும், அவர் நடைக்கு நாங்கள் ஓட வேண்டும். அவர் பேசுவதெல்லாம் ஆங்கிலம். வசதிக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு பிடி பிடித்தார். "வார்டில் நீங்கள் ராணி. படு என்றால் படுப்பார்கள், திரும்பு என்றால் திரும்புவார்கள். அதையெல்லாம் இன்றோடு மறந்துவிடுங்கள். இனி நீங்கள்தான் அடுத்தவர் வாசலில் போய் நிற்கப்போகிறீர்கள். அவர்கள் உள்ளே வா என்றால்தான் உள்ளே." பிறகு என் பக்கம் திரும்பி, "ரெஜினா, உனக்குத் தமிழ் நன்றாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் மிஸ்" என்றேன். குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்திருக்கும்.

"நல்லது. எனக்கு ஒரு வார்த்தை வராது. தமிழ் வீடுகளில் என் காது நீதான், லா" என்றார்.

என் தமிழ் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்கு நேவல் பேஸில் வேலை. என்னை வைத்துப் பார்க்க ஆள் இல்லாததால் கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். பதினேழு வயது வரை அங்கேதான். ஜெபம் தமிழில் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தால் தமிழில் பேசுவேன். மற்றபடி சாப்பிட்டது, தூங்கியது, கனவு கண்டது எல்லாம் ஆங்கிலத்தில். ஒருமுறை உடம்பெல்லாம் கொப்புளம் வந்தபோது கன்னியாஸ்திரிகள் "சிக்கன் பாக்ஸ்" என்று சொல்லிப் பூசு மருந்து தடவி, தனி அறையில் படுக்க வைத்தார்கள். அதற்குத் தமிழில் அம்மை என்று பெயர் என்பது வார்டில்தான் தெரிய வந்தது. தமிழ் வீடுகளில் அதை எப்படிச் சொல்வார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம்.

ஹாஸ்டலில் ஒரு வாக்கியம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றவர்கள் பார்க்க வருவார்கள். வாசலிலிருந்து ஒரு தமிழ் அக்கா மாடியைப் பார்த்துச் சத்தம் போடுவார்: "மேரி, உங்க அம்மா வந்திருக்காங்க! ஸ்டெல்லா, உங்க அம்மா வந்திருக்காங்க!" கூப்பிடப்பட்ட பிள்ளை படியில் உருண்டு விழாத குறையாக ஓடும். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வருவதற்கு அம்மா இல்லை என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

2. வேப்பிலை

அந்தக் காலத்தில் வீட்டிலேயே பிரசவம் நிறைய நடக்கும். மிட்வைஃப் பத்து நாள் வந்து பார்ப்பார். அதன் பிறகு அந்தத் தாயும் பிள்ளையும் எங்கள் பொறுப்பு. பையில் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு, குழந்தையைத் தொங்கவிடும் துணித்தூளி, அளவு நாடா, கேஸ் கார்டுகள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. மற்ற நாட்கள் கிளினிக்கிலும் வீடுகளிலும். சீனிப்பால் டின்னைக் கரைத்துப் பச்சைப்பிள்ளைக்குக் கொடுக்கிறார்களா என்று அடுப்படியை எட்டிப் பார்ப்பதும் எங்கள் வேலைதான்.

எனக்குக் கொடுத்த வட்டாரம் தேக்கா, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய தெருக்கள். கீழே கடை, மேலே பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகள். ஒரு மாடியில் ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கும். ஒரு குழாய், ஒரு அடுப்படி.

கிளினிக்கில் காமாட்சி அக்கா என்று ஒரு அட்டெண்டன்ட் இருந்தார். கார்டு எடுத்துக் கொடுப்பது, வரிசையைப் பார்ப்பது, அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது எல்லாம் அவர்தான். வாய் சும்மா இருக்காது. முதல் வாரத்தில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்ததைப் பார்த்து, அது எதற்கு என்று அவரிடம் கேட்டேன்.

"புள்ள பொறந்த வீடுன்னா வேப்பிலை சொருகுவாங்க மிஸ்ஸி. இதுகூடவா தெரியாது?" என்றார்.

நர்சை எல்லாருமே அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, "தெரியும், சும்மா கேட்டேன்" என்று சொல்லிவைத்தேன். வேப்பிலை என்றால் பிள்ளை பிறந்திருக்கிறது. மண்டையில் அப்படிப் பதிந்துகொண்டேன். அதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

3. சரோஜா வீடு

சரோஜாவுக்கு இருபத்திரண்டு வயது. கணவர் வீரப்பனுக்கு மிளகாய், மல்லி அரைக்கும் மாவு மில்லில் வேலை. நாலு வயதில் செல்வி என்று ஒரு மகள். இப்போது இரண்டாவதாக ஆண் குழந்தை. வீரப்பனின் தம்பி ஒருவரும் அதே அறையில். குழந்தை பிறந்த அன்றைக்குத்தான் அவர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினார் என்று மிட்வைஃப் கார்டில் எழுதியிருந்தார்.

குழந்தைக்குப் பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, நான் முதல் தடவையாகப் போனேன். வாசலில் வேப்பிலை. சரிதான், பிள்ளை பெற்ற வீடு. கதவைத் தட்டினேன். சரோஜா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கதவைத் தன் பின்னால் சாத்திக்கொண்டாள்.

"உள்ள வராதீங்க மிஸ்ஸி. அம்மா வந்திருக்காங்க" என்றாள்.

ஹாஸ்டல் வாசலில் நான் கேட்ட அதே வாக்கியம். அவளுடைய தாய் இந்தியாவில் இருக்கிறார், பிரசவத்துக்குத் துணை யாரும் இல்லை என்று கார்டில் படித்து, பாவம் என்று நினைத்துக்கொண்டே படியேறியிருந்தேன். வந்துவிட்டாராமே! அவளுக்காக எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அப்படியா! எப்போ வந்தாங்க?"

"செவ்வாக்கெழம மிஸ்ஸி."

"எத்தன நாள் இருப்பாங்க?"

"அது அவங்க இஷ்டம். நாம என்ன சொல்ல முடியும்?"

கறாரான அம்மா போலிருக்கிறது என்று நினைத்தேன். "நல்லா பாத்துக்கிறாங்களா?"

"அவங்க பாத்துக்காம வேற யாரு மிஸ்ஸி பாத்துப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. தாயைப் பார்த்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். 

"மக எங்க?"

"செல்வி உள்ள படுத்திருக்கு. அவங்கதான் வெளையாடுறாங்க."

பாட்டியும் பேத்தியும் விளையாடட்டும் என்று விட்டுவிட்டேன். நடையிலேயே தராசைத் தூணில் மாட்டிக் குழந்தையை எடை பார்த்தேன். தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. தாய்ப்பால்தான் குடிக்கிறான். நடையில் எண்ணெய்ப் புகையே இல்லையே என்று மெச்சிக்கொண்டேன். "அவங்க இருக்கையில தாளிக்கக் கூடாதுல்ல மிஸ்ஸி" என்றாள். என்ன ஒரு சுத்தமான மனுஷி என்று அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை கூடிப்போயிற்று.

படியிறங்கியதும் கார்டை எடுத்து ஆங்கிலத்தில் எழுதினேன்: தாயார் செவ்வாயன்று வந்துள்ளார். வீட்டில் நல்ல துணை. மூத்த குழந்தையையும் அவரே கவனிக்கிறார். அடுத்த வருகை இரண்டு வாரம் கழித்து. கீழே கையெழுத்தும் போட்டேன். கொட்டை எழுத்தில்.

4. காமாட்சி அக்காவின் கிலுகிலுப்பை

மறுநாள் சனிக்கிழமை காலை, கிளினிக்கில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் கோப்பி குடித்துக்கொண்டே காமாட்சி அக்காவிடம் சரோஜா கதையைச் சொன்னேன். "அந்த வீட்டுல அவங்க அம்மா வந்துட்டாங்க அக்கா. தாளிக்கக்கூட விடலயாம்!"

காமாட்சி அக்கா நிமிர்ந்து பார்த்தார். "எந்த அம்மா? அது அம்மாவுக்கு இன்னும் பாஸ்போர்ட்டே ஆகலன்னு போன மாசம் இங்க வந்தப்பதானே அழுதுச்சு? அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு? அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். உள்ளே வராதீங்க, அம்மா வந்திருக்காங்க, உள்ளே படுத்திருக்கு, விளையாடுறாங்க. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கையிலிருந்த கிலுகிலுப்பை கீழே விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது.

"அடிப்பாவி மவளே! அது பெத்த அம்மா இல்லடி. மாரியாத்தா! செல்விக்கு அம்மை போட்டிருக்கு!" என்றார். கோபத்தில் மிஸ்ஸி எல்லாம் பறந்துபோய்விட்டது. "அம்மை போட்டிருக்குன்னு மொட்டையா யாரும் சொல்ல மாட்டாங்க. அம்மா வந்திருக்காங்கன்னுதான் மரியாதையா சொல்லுவாங்க. முத்து பொறப்பட்டா வெளையாடுறாங்கம்பாங்க. நீ தமிழச்சிதானா?"

 செல்விக்கு அம்மை. அதே அறையில் பதின்மூன்று நாள் குழந்தை. அதோடு கார்டில் இருந்த இன்னொரு வரி கண் முன்னால் வந்து நின்றது: இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த தம்பி. அப்போது கப்பலில் டெக்கில் வருபவர்களைக் கரைக்கு அப்பால் ஒரு தீவில் நிறுத்திவைத்துப் பார்த்துத்தான் ஊருக்குள் விடுவார்கள். எல்லாம் பெரியம்மை பயம். அதையும் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தால்? அந்த மாடியில் மட்டும் எத்தனை குழந்தைகள்!

மிஸ் ஓங் அறைக்கு ஓடினேன். அந்த வீட்டில் அம்மை இருக்கிறது என்று காமாட்சி அக்கா சொல்கிறார், கப்பலில் வந்தவர் ஒருவரும் அங்கே இருக்கிறார் என்றேன். அவர் உடனே ஹெல்த் ஆபீசுக்கு ஃபோன் செய்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேற்று நீ போனாய் அல்லவா? உன்னிடம் சொல்லவில்லையா?"

இங்கேதான் நான் செய்த உண்மையான தப்பு. ஒரு வார்த்தை தெரியாமல் போனது பெரிய குற்றமில்லை. "உள்ளே விடவில்லை மிஸ்" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைவிட மோசம்.

"ஓ, மறைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே மிஸ் ஓங் குறிப்பில் எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. தொற்று அம்மையை மறைத்தால் சட்டப்படி குற்றம். வீரப்பன் மில்லில் வேலை செய்வது சாப்பாட்டுப் பொருளோடு. மறைத்தார் என்று ரிப்போர்ட் போனால் அந்த வேலையில் நிற்க விடுவார்களா? தம்பியின் பர்மிட் என்ன ஆகும்? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன். தமிழ் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிச் சேர்ந்த கோர்ஸ் அது.

5. மாடிப்படி

டாக்டர் வேனில் வந்தார். அவரும் மிஸ் ஓங்கும் நானுமாகப் போனோம். காமாட்சி அக்காவைக் கிளினிக் வரிசையை விட்டு இழுக்க முடியவில்லை. ஆகவே மொழிபெயர்க்க நான்தான்.

வீரப்பன் வாசலில் நின்றார். நாலு நாள் தாடி. சரோஜா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் பெரியம்மையோ என்ற பதற்றம் அவருக்கும் இருந்தது. உள்ளே நுழையும் முன்பே கேட்டார்: "ஏன் மறைத்தீர்கள் என்று கேள்."

கேட்டேன்.  "டாக்டர் கேக்குறாரு... ஏன் மறைச்சீங்கன்னு."

சரோஜா என்னையே பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஒரு குழப்பம். "மறைச்சேனா? நேத்து உங்ககிட்டதானே மிஸ்ஸி சொன்னேன்? உள்ள வராதீங்க, அம்மா வந்திருக்காங்கன்னு சொன்னேனே. நீங்ககூட எப்ப வந்தாங்கன்னு கேட்டீங்களே."

"என்ன சொல்கிறாள்?" என்றார் டாக்டர்.

நடையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. டாக்டருக்கும் மிஸ் ஓங்குக்கும் தமிழ் தெரியாது. பயத்தில் மறைத்துவிட்டாளாம் என்று நான் சொல்லியிருந்தால் அதோடு முடிந்தது. சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று இந்த வயதில் நடிக்க விரும்பவில்லை. அவள் மட்டும் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அவளோ, மிஸ்ஸி எப்படியும் சரியாகத்தான் சொல்வாள் என்று நம்பி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேற்றே என்னிடம் சொன்னதாகச் சொல்கிறாள். அது உண்மைதான், டாக்டர்" என்றேன். "அம்மா வந்திருக்கிறார் என்றாள். அம்மையை இவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்கு அது தெரியாது. இவளுடைய தாய்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கார்டிலும் எழுதிவிட்டேன். உள்ளே விடாததுகூட என் நல்லதுக்குத்தான். மறைத்தது இவள் இல்லை, மிஸ். காலையில் உங்களிடம் மறைத்தது நான்."

 மிஸ் ஓங் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அறைக்குள் வேப்பிலை வாசம். தரையில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துச் செல்வியைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர். டாக்டர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். செல்வியின் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். சட்டையைத் தூக்கி வயிற்றையும் முதுகையும் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பெரியம்மை என்றால் முகத்திலும் கைகாலிலும்தான் அதிகம் இருக்கும், எல்லாக் கொப்புளமும் ஒரே பருவத்தில் இருக்கும் என்று நாங்கள் நெட்டுருப் போட்ட பாடம். இங்கே கைகால் சுத்தமாக இருந்தது. உடம்பில்தான் கொத்துக் கொத்தாக. ஒன்று இப்போதுதான் சிவந்திருந்தது, ஒன்று நீர் கோத்திருந்தது, ஒன்று காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது.

மூலையில் நின்ற வீரப்பனின் தம்பி கையில் அம்மைத் தடுப்பு ஊசித் தழும்பு பளிச்சென்று இருந்தது. தீவில் கொடுத்த காகிதத்தையும் நீட்டினார். டாக்டர் நிமிர்ந்து, "சிக்கன் பாக்ஸ்" என்றார். "வெறும் சிக்கன் பாக்ஸ்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கைக்குழந்தை? அதற்கு அதுவும் ஆபத்துதானே. சரோஜாவுக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இந்தத் தடவை நான் கவனமாக, "சரோஜா, ஒங்களுக்குச் சின்ன வயசுல அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஏழு வயசுல வந்தாங்க மிஸ்ஸி, இதே மாதிரி முத்துதான். இதோ" என்று நெற்றி ஓரத்தில் ஒரு குழியைக் காட்டினாள்.

டாக்டர் முகம் தெளிந்தது. தாய்க்கு ஏற்கெனவே வந்திருந்தால் வயிற்றிலிருக்கும்போதே அந்தத் தடுப்புப் பிள்ளைக்கும் போயிருக்கும், வந்தாலும் லேசாகத்தான் வரும், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், மூன்று வாரம் தினமும் யாராவது வந்து பார்க்கட்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அம்மா இருக்கையில சிரிக்காதீங்க மிஸ்ஸி" என்று சரோஜா பதறினாள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

6. தண்டனை

 வேனில் திரும்பும்போது மிஸ் ஓங், "நீ மாற்றிச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது" என்றார்.

"தெரியும் மிஸ்."

"அப்படியும் நீ உண்மையைச் சொன்னதால் உன்னைக் கோர்ஸை விட்டு அனுப்பவில்லை. ஆனால் காலையில், உள்ளே விடவில்லை என்றாயே, அதற்கு என்ன செய்யலாம்?"

நீங்களே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். கார்டில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அந்தக் கார்டை மொத்த வகுப்புக்கும் நான் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். அவர் தன் குறிப்பிலிருந்த 'மறைத்திருக்கிறார்கள்' என்ற வரியின் மேலும் அதே போல ஒரு கோடு அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். 

திங்கட்கிழமை வகுப்பில் படித்தேன். தாயார் செவ்வாயன்று வந்துள்ளார் என்ற இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், என் தோழி ஹலீமா மெல்லச் சொன்னாள்: மலாயில் மாதவிடாயை டத்தாங் புலான், அதாவது நிலா வந்திருக்கிறது என்பார்களாம். அவளுக்கு அது தெரியும், பக்கத்தில் இருந்த சீனப் பெண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு நோட்டுப் போட்டேன். காமாட்சி அக்காதான் அதற்கு டீச்சர். முழுகாம இருக்கா என்றால் கர்ப்பம். தூரமா இருக்கேன் என்றால் மாதவிலக்கு. மாந்தம், கணை, சீர் என்று பிள்ளைகளுக்கு வரும் நோய்களின் பெயர்களையும் பக்கம் பக்கமாக எழுதினேன். "எழுது, எழுது. வெள்ளக்காரி பரீட்சையவிட இதான் ஒனக்குச் சோறு போடும்" என்பார்.

மூன்று வாரம் தினமும் சரோஜா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது தண்ணீர் ஊற்றியபின் செல்வி நடைமுழுக்க ஓடினாள். நான் போக ஆரம்பித்த பதினைந்தாவது நாள் குழந்தையின் மார்பில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. எண்ணினேன். நாலே நாலு. மூன்று நாளில் காய்ந்தும் போயிற்று. காய்ச்சல்கூட இல்லை. "கொஞ்சமா எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க மிஸ்ஸி" என்றாள் சரோஜா. எனக்கு வேறு மார்க்கம், வேறு சாமி. ஆனாலும் அன்றைக்கு நானும் மனதாரக் கும்பிட்டேன்.

7. மறுபடியும் அதே வாக்கியம்

பரீட்சை தேறினேன். வேலையும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து சரோஜா குடும்பம் புக்கிட் மேராவில் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோயிற்று. அதிசயமாக எனக்கும் அந்தப் பக்கமே வட்டாரம் மாற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள் கிளினிக்கில் கார்டுகளைப் புரட்டும்போது, சரோஜாவின் மகன் தடுப்பூசிக்கு வராமலிருப்பது தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கதவு திறந்திருந்தது. சரோஜா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "மிஸ்ஸி! அம்மா வந்திருக்காங்க!" என்றாள்.

பை தானாகக் கீழே இறங்கியது. "யாருக்கு? எத்தன நாளாச்சு? கைகால்ல இருக்கா, ஒடம்புலயா? சின்னவன எங்க படுக்க வச்சிருக்கீங்க?" என்று சரமாரியாகக் கேட்டுக்கொண்டே வாசலில் வேப்பிலையைத் தேடினேன். வேப்பிலை இல்லை. உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. தாளிக்கிறார்கள்!

சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ மிஸ்ஸி, எங்க அம்மா! நெசமா, என்னப் பெத்த அம்மா! கப்பல்ல போன வாரம் வந்தாங்க. அந்த ஓட்டத்துலதான் ஊசிக்கு வர முடியல."

அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஒரு அம்மாள் வந்தார். சரோஜாவின் அதே நெற்றி, அதே கண். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்கதானா அந்த மிஸ்ஸி? நான் கப்பல் ஏறுறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே என்னக் கொண்டாந்து எழுதிட்டீங்களாமே!"

சிரித்தேன், என்ன செய்ய. கால் கழுவச் சொல்லி, உட்கார வைத்து, ரசம் சாதம் போட்டார்கள். சரோஜா தன் தாயின் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். இருபத்திநாலு வயதுக்காரி, ஆறு வயதுப் பிள்ளை போல இருந்தாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. இருக்கட்டும். ஒரு தாய் சொன்னதை முதலில் அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளிடமே கேளுங்கள். கேட்டால் மரியாதை குறையும் என்று நினைக்காதீர்கள். எனக்குக் குறைந்த மரியாதையெல்லாம் கேட்காமல் இருந்ததால் குறைந்ததுதான்.

அன்று படியிறங்கி, கார்டை எடுத்து எழுதினேன்: தாயார் இந்தியாவிலிருந்து வந்துள்ளார். வீட்டில் நல்ல துணை. ஒரு வினாடி யோசித்துவிட்டு, பக்கத்தில் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

பார்த்தேன்.